பக்கத்து நாட்டுக்கு ஒரு கிரைண்டர் அனுப்புவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கோயம்புத்தூரில் செய்த ஒரு வெட் கிரைண்டரை எடுத்துக்கொள்வோம். கல், டிரம், மோட்டார் எல்லாம் சரியாக இருக்கிறது. ஒயரின் நுனியில் உருண்டையான மூன்று பின் வைத்த பிளக். தூத்துக்குடியில் கப்பலேற்றினால் கொழும்பு எட்டிப்பிடிக்கிற தூரம், உளுந்து ஊறப்போட்டு மாவாட்டும் வீடுகள் அங்கேயும் ஏராளம், ஆனால் அந்தப் பிளக்கை அங்கே கடையில் விற்கக் கூடாது. இலங்கை 2016-ல் தட்டையான மூன்று பின் உள்ள, பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் வைத்த 13 ஆம்ப் வகையைத் தேசியத் தரமாக அறிவித்தது. மற்ற வகைகளின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை எல்லாவற்றையும் அடுத்த சில வருடங்களில் நிறுத்தியது. அதுவரை அங்கேயும் பல வீடுகளில் நம்மைப் போல உருண்டைப் பின்தான். ஒரே வீட்டில் இரண்டு மூன்று வகை சாக்கெட், நடுவில் அடாப்டர், அதனால் ஷாக், தீ விபத்து. இதை நிறுத்தத்தான் அந்த முடிவு. நியாயமான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

பிளக்கை மாற்றுவது பெரிய வேலையும் கிடையாது. நுனியை வெட்டி வேறு பிளக் பொருத்திய ஒயரை வாங்கிப் போட்டால் முடிந்தது. கஷ்டம் அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. மாற்றிய பிளக் அந்த நாட்டுத் தரத்துக்குச் சரியானது, ஒயரின் இன்சுலேஷன் சரியானது, மோட்டாரின் பாடியில் கரண்ட் ஏறாது என்று யார் எழுதிக் கொடுத்தால் துறைமுகத்தில் இருக்கும் அதிகாரி ஏற்றுக்கொள்வார்? கோயம்புத்தூர் ஆய்வகத்தின் அறிக்கை போதுமா, இல்லை அங்கே போய் இறங்கிய பிறகு மறுபடி சாம்பிள் எடுப்பார்களா? பக்கத்து நாடுகளுக்கு இடையில் தொழில்நுட்பத் தரம் வியாபாரத்துக்குத் தடையாக மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு நாட்டின் தரமும் வேறுவேறாக இருப்பதைவிட, ஒருவரின் சோதனையை இன்னொருவர் நம்பாமல் இருப்பதுதான் அதிகச் செலவு வைக்கிறது.

வரி விஷயத்தில் நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. இந்தியா–இலங்கை தடையற்ற வணிக ஒப்பந்தம் 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. சாஃப்டா என்ற தெற்காசிய ஒப்பந்தம் 2006-லிருந்து இருக்கிறது. வங்கதேசம் மாதிரியான நாடுகளின் துணிகளுக்கு 2011 முதல் இந்தியா வரியே போடுவதில்லை, திருப்பூர்க்காரர்களுக்கு இது நன்றாகவே தெரியும். இத்தனைக்கும் பிறகு, தெற்காசிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் வியாபாரம் அவற்றின் மொத்த வெளிநாட்டு வியாபாரத்தில் சுமார் 5 சதவீதம்தான். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் ஆசியான் அமைப்பில் இது 20 சதவீதத்துக்கு மேல். அரசியல் சண்டை ஒரு காரணம், ரோடும் துறைமுகமும் இன்னொரு காரணம். அவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய மூன்றாவது காரணம் இந்தத் தரச் சான்று.

இதில் மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். தரம் என்பது தன்னளவில் விருப்பத்தைப் பொறுத்தது: நீர்மூழ்கி பம்பு இப்படி இருக்க வேண்டும் என்று ஐஎஸ் 8034 என்ற இந்தியத் தரம் சொல்கிறது, அதைப் பின்பற்றி ஐஎஸ்ஐ முத்திரை வாங்கினால் வாங்குபவருக்கு நம்பிக்கை வரும், அரசு டெண்டரில் கலந்துகொள்ளலாம். அதே தரத்தை அரசு ஒரு ஆணை போட்டுக் கட்டாயமாக்கிவிட்டால், முத்திரை இல்லாத பொருளைச் செய்யவும் விற்கவும் இறக்குமதி செய்யவும் முடியாது. அது சட்டம். இந்த இரண்டுக்கும் அப்புறம் வருவது, பொருள் தரத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துச் சான்று தருவது. முதல் இரண்டைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். சரக்கு நிற்பது மூன்றாவதில்.

தரங்கள் வேறுபடுவதற்குப் பல சமயம் நேர்மையான காரணம் இருக்கும். நம் பக்கம் தோட்டத்துக் கிணற்றில் மூன்று பேஸ் கரண்ட் எந்த நேரத்தில் எந்த வோல்ட்டேஜில் வரும் என்பது பம்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் இருபது மோட்டார் ஒன்றாக ஓடினால் கடைசித் தோட்டத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். அதனால்தான் விவசாய பம்பு மோட்டாருக்கான இந்தியத் தரம், 415 வோல்ட்டுக்கு மேலே 6 சதவீதமும் கீழே 15 சதவீதமும் ஏறி இறங்கினாலும் மோட்டார் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. கணக்குப் போட்டால் சுமார் 353 வோல்ட்டிலிருந்து 440 வோல்ட் வரை. சர்வதேச மின் தரம் பொதுவாக மோட்டாருக்குக் கேட்பது இதைவிடக் குறுகலான வரம்பு. இந்த இடைவெளியைத் தாங்குகிற மாதிரி காப்பர் கம்பியைத் தேர்ந்து காயில் கட்டத் தெரிந்ததுதான் கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு பட்டறைகளின் கைத்திறன். இப்படிப்பட்ட வித்தியாசத்தை வணிகத் தடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மண்ணுக்கும் மின்கம்பிக்கும் ஏற்ற மாதிரி எழுதிய தரம் அது.

ஆனால் சோதனை முறை எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான். டெஸ்ட் பெட்டில் தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும். பம்பை ஓடவிட்டு டெலிவரி வால்வைப் படிப்படியாக மூடிக்கொண்டே வருவார்கள், ஒவ்வொரு நிலையிலும் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது, எத்தனை மீட்டர் ஹெட் (தண்ணீரை ஏற்றும் உயரம்), மோட்டார் எத்தனை வாட் இழுக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு வளைவு கிடைக்கும், பெயர்ப்பலகையில் அடித்திருக்கும் எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். அப்புறம் இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், ஹை வோல்ட்டேஜ், சூடேறும் அளவு. கோயம்புத்தூரில் பம்புக்கும் மோட்டாருக்கும் சிடார்க் ஆய்வகம் இருக்கிறது, நூலுக்கும் துணிக்கும் 1956-லிருந்து சிட்ரா இருக்கிறது. பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் சொன்னது இதுதான்: "நம்ம தொட்டியில அளந்த தண்ணியும் அவங்க தொட்டியில அளந்த தண்ணியும் ஒண்ணுதானுங்களே, அப்புறம் எதுக்குங்க ரெண்டு தடவை காசு கட்டோணும்?"

அவர் கேட்டதற்குப் பதில் காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தருவது இந்தியாவில் என்ஏபிஎல், இலங்கையில் எஸ்எல்ஏபி. இரண்டும் ஐலாக் என்ற உலக ஏற்பாட்டில் கையெழுத்திட்டவை. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அளவீட்டை மற்ற நாட்டு அங்கீகார அமைப்பும் நம்பலாம் என்பதே அந்த ஏற்பாட்டின் சாரம். ஆனால் அது அங்கீகார அமைப்புகளுக்கு இடையில் உள்ள உடன்பாடு. சுங்கத்தையோ, கட்டாயத் தரத்தை அமல்படுத்தும் துறையையோ அது கட்டுப்படுத்தாது. அந்தத் துறை, 'எங்கள் ஆய்வகத்தில் செய்தால்தான் ஏற்போம்' என்று சொன்னால் கதை முடிந்தது. இலங்கையின் தர அமைப்பான எஸ்எல்எஸ்ஐ நூற்றுக்கும் மேற்பட்ட பொருள்களைக் கட்டாய இறக்குமதிப் பரிசோதனையில் வைத்திருக்கிறது. நம் நாட்டின் தர அமைப்பான பிஐஎஸ் வைத்திருக்கும் பட்டியல் அதைவிட நீளம், அதற்குப் பிறகு வருகிறேன்.

இரட்டைச் சோதனையின் வலி எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, இதுதான் கொங்குப் பகுதிக்கு முக்கியமான விஷயம். சோதனைக் கட்டணம், சாம்பிள் அனுப்பும் செலவு, ஆள் போய் வரும் செலவு எல்லாம் பத்து பம்பு அனுப்பினாலும் பத்தாயிரம் அனுப்பினாலும் ஏறக்குறைய அதே தொகை. பெரிய கம்பெனிக்கு அது ஒரு பம்புக்குச் சில ரூபாய். எட்டுப் பேரை வைத்து லேத்தும் வைண்டிங்கும் ஓட்டும் பட்டறைக்கு அதுதான் மொத்த லாபம். நாட்டில் செய்யும் பம்புகளில் பாதிக்குப் பக்கம் கோயம்புத்தூரிலிருந்து போவதாகச் சொல்வது வழக்கம். அந்தப் பாதியைத் தாங்கிப் பிடிப்பதில் இந்தச் சின்னப் பட்டறைகளுக்கும், அவர்களுக்கு வார்ப்படம் ஊற்றித் தரும் பவுண்டரிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்கள் கொழும்புக்கோ டாக்காவுக்கோ நேராக அனுப்பாமல் ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள் என்றால், அதற்குத் தைரியக் குறைவு காரணம் இல்லை, இந்தக் கணக்குதான் காரணம்.

வேறு இடங்களில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று பார்த்தால், 1979-ல் ஐரோப்பிய நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பு முக்கியமானது. பிரான்ஸில் செய்யும் ஒரு பழ மதுவை ஜெர்மனியில் விற்கவிடவில்லை. ஜெர்மன் சட்டப்படி அந்த வகை மதுவில் குறைந்தது 25 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், பிரெஞ்சு மதுவில் அதைவிடக் குறைவு. மக்களின் ஆரோக்கியத்துக்காக என்று ஜெர்மனி வாதாடிப் பார்த்தது. நீதிமன்றம் ஒப்பவில்லை. ஒரு உறுப்பு நாட்டில் சட்டப்படி செய்து விற்கும் பொருளை, உண்மையான பொதுநலக் காரணம் இருந்தால் ஒழிய, இன்னொரு உறுப்பு நாடு தடுக்கக் கூடாது என்றது. எல்லோரும் ஒரே தரத்தை எழுதி முடிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாமல் போனது அந்தத் தீர்ப்பால்தான். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1998-லிருந்து கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டை வைத்திருக்கின்றன: அங்கே விற்கலாம் என்றால் இங்கேயும் விற்கலாம்.

தெற்காசியாவிலும் முயற்சி நடக்காமல் இல்லை. சார்க் நாடுகளுக்கு சார்சோ என்ற பொதுத் தர அமைப்பு டாக்காவில் இருக்கிறது, சில பொருள்களுக்குப் பொதுத் தரமும் எழுதியிருக்கிறார்கள். 2015-ல் பிஐஎஸ்ஸும் வங்கதேசத்தின் தர அமைப்பான பிஎஸ்டிஐயும் ஒரு ஒத்துழைப்பு உடன்பாட்டில் கையெழுத்திட்டன; வங்கதேச ஆய்வகம் நம் என்ஏபிஎல் அங்கீகாரம் வாங்கி, 21 உணவுப் பொருள்களுக்கு அவர்களுடைய சோதனைச் சான்றை இந்தியா ஏற்கும் நிலை வந்தது. சின்ன எண்ணிக்கைதான். ஆனால் நடக்கக்கூடிய வழி எது என்று காட்டியது. முதலில் ஆய்வகத்தை நம்ப வை, அப்புறம் பொருள் பொருளாகப் பட்டியலை நீட்டு. சார்சோ மாதிரிப் பெரிய மேடைகளைவிட இதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

இனி, நாமே எழுப்பிய சுவர். 2014 வரை இந்தியாவில் கட்டாயத் தர ஆணைகள் 14 மட்டும், அவற்றில் அடங்கியவை 106 பொருள்கள். அடுத்த பத்தே வருடத்தில் அது அறுநூறு பொருள்களைத் தாண்டியது. பொம்மை, பிரஷர் குக்கர், ஹெல்மெட் போன்றவற்றுக்கு இப்படிக் கேட்பதில் யாருக்கும் மறுப்பு இருக்காது, குழந்தை வாயில் வைக்கும் பொருளுக்குச் சோதனை வேண்டும்தான். பிரச்சினை, இந்த ஆணைகள் மூலப்பொருளுக்கும் வந்தபோது. ரேயான் நூல் நூற்கப் பயன்படும் விஸ்கோஸ் பஞ்சுக்கான ஆணை 2023 மார்ச் 29-ல் அமலுக்கு வந்தது. ஈரோடு வீரப்பன்சத்திரம், சித்தோடு பக்கம் ரேயான் ஓட்டும் விசைத்தறிகளும், அவற்றுக்கு நூல் தரும் ஸ்பின்னிங் மில்களும் அந்தப் பஞ்சை நம்பி இருப்பவை. உள்நாட்டில் அதைப் பெரிய அளவில் செய்வது ஏறக்குறைய ஒரே நிறுவனம். வெளிநாட்டு ஆலை இங்கே விற்க வேண்டுமானால் பிஐஎஸ் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு நம் அதிகாரி அந்த நாட்டுக்குப் போய் ஆலையைப் பார்க்க வேண்டும், அந்தச் செலவு ஆலையுடையது, இந்தியாவில் ஒரு பிரதிநிதி வேண்டும், 10,000 டாலர் வங்கி உத்தரவாதம் வேண்டும். அதிகாரி எப்போது போவார் என்பது யார் கையிலும் இல்லை. இந்தோனேசியப் பஞ்சு கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாமல் மில்காரர் ஆர்டர் எடுக்க முடியாது, மில் நூல் தராமல் தறி ஓடாது. பஞ்சு என்பது யாரும் நேராக வாங்கிப் பயன்படுத்தும் பொருளே இல்லை, மில் தானே சோதித்துத்தான் வாங்கும். அதற்கு எதற்குக் கட்டாய முத்திரை என்று நூற்பாலைச் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. 2025 நவம்பரில் அரசு அந்த ஆணையை விலக்கிக்கொண்டது, பாலியஸ்டர் பஞ்சு, நூல் மீதான ஆணைகளும் அதே மாதம் விலகின. நல்ல முடிவு, இரண்டரை வருடம் தாமதமாக வந்தது.

இதே ஆணைகளை நேபாளத்தில் இருந்து பாருங்கள். அங்கே பிளைவுட், செருப்பு செய்பவர்கள் நம் முத்திரைக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். கிழக்கு எல்லையில் நேபாளத் தேயிலையும் இஞ்சியும் ஆய்வக அறிக்கைக்காக நாள்கணக்கில் நின்றிருக்கின்றன, இஞ்சி அழுகும் பொருள். கொழும்பில் நம் கிரைண்டருக்கு நாம் கேட்பதைத்தான் அவர்கள் சிலிகுரிப் பக்கத்து எல்லையில் கேட்கிறார்கள். நம் சான்றை அவர்கள் ஏற்க வேண்டும், அவர்களுடையதை நாம் ஏற்க மாட்டோம் என்றால் எந்தப் பேச்சுவார்த்தையிலும் அது நிற்காது.

தரம் என்ற பெயரே இல்லாமலும் தடை வரும். 2025 ஏப்ரலில் வங்கதேசம், தரைவழிச் சுங்கச் சாவடிகள் வழியாக இந்திய நூல் வரக் கூடாது என்றது. மே மாதம் இந்தியா, வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியில் வரக் கூடாது, கொல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வழியாக மட்டும் வரலாம் என்றது. இரண்டிலும் வரி ஒரு பைசா கூட ஏறவில்லை, ஆனால் லாரியில் போன சரக்கு கப்பலுக்கு மாற வேண்டியதாயிற்று, நாளும் செலவும் கூடின. திருப்பூரில் உள்நாட்டுச் சந்தைக்குப் பனியன் போடுபவர்களுக்கு இரண்டாவது முடிவு ஆறுதல். அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் டாக்காவுக்கு நூல் விற்ற மில்லுக்கு முதல் முடிவு அடி. ஒரே கொங்கு மண்ணில் ஒரே விஷயத்துக்கு இரண்டு விதமான முகம். அதனால் 'நம் தொழிலைக் காப்பாற்ற இன்னும் தடை போடுங்கள்' என்று யாராவது பேசும்போது, நம் தொழிலில் எது என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

உணவுப் பொருளில் கதை இன்னும் சிக்கல், ஏனென்றால் அங்கே பூச்சியும் நோயும் உண்மையான ஆபத்து. பொள்ளாச்சி, ஆனைமலைத் தோப்புகளில் வேர்வாடல் நோய் என்ன செய்தது என்பதைப் பார்த்த எவரும் தாவரத் தடைகாப்பை, அதாவது நோயும் பூச்சியும் உள்ள செடி, காய் உள்ளே வராமல் தடுக்கும் விதிகளைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அறிவியலும் வசதியும் கலந்துவிடும் இடமும் இதுதான். 2023-ல் இலங்கையில் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது, பறவைக் காய்ச்சல் பற்றிய நிபந்தனைகளோடு, முதலில் பேக்கரி, ஓட்டல்களுக்கு மட்டும் என்று சொல்லி இந்திய முட்டையை இறக்கினார்கள். தேவை வந்ததும் கால்நடைத் துறையின் ஒப்புதலும் ஆய்வக அறிக்கையும் கிடைத்துவிட்டன. மஞ்சளில் நேர்மாறாக நடந்தது. உள்ளூர் விவசாயிக்காக இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியது, அங்கே விலை எகிறியது, நம் கடற்கரையில் படகில் ஏற்றத் தயாராக இருந்த மஞ்சள் மூட்டைகள் பிடிபடும் செய்தி வாராவாரம் வந்தது. ஈரோட்டு மண்டியில் சோதித்து, ரசீதோடு போயிருக்க வேண்டிய சரக்கு, எந்தச் சோதனையும் இல்லாமல் இருட்டில் போனது. முழுத் தடை போட்டால் பாதுகாப்பு கூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கடினமான தரம் என்றாலே நமக்கு ஆகாது என்றும் நான் சொல்லவில்லை. 1990-களின் நடுவில் ஜெர்மனி, புற்றுநோய் உண்டாக்கும் அமீன் என்ற வேதிப்பொருள்களை வெளியிடக்கூடிய அசோ சாயங்களைத் தடை செய்தபோது திருப்பூர் ஆடிப்போனது. 1997-க்குள் இந்தியாவும் அந்தச் சாயங்களைத் தடை செய்தது, சாயப்பட்டறைகள் சாயத்தை மாற்றின, சோதனை அறிக்கை இல்லாமல் துணி கப்பலேறாது என்ற பழக்கம் வந்தது. செலவு ஆனது, ஆனால் கேட்கப்பட்டது என்ன என்று தெளிவாகத் தெரிந்தது, சோதனையை இங்கேயே செய்ய முடிந்தது, இங்கே செய்த சோதனையை அங்கே ஏற்றார்கள். இந்த மூன்றும் இருந்தால் எங்கள் ஊர் ஆட்கள் எந்தத் தரத்தையும் எட்டிப்பிடிப்பார்கள்.

உலக வர்த்தக அமைப்பின் 1995-ம் வருட தொழில்நுட்பத் தடைகள் ஒப்பந்தம் இதற்கு ஒரு பிடி தருகிறது. ஒரு நாடு புதிய கட்டாயத் தரம் கொண்டுவந்தால் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், கருத்துச் சொல்ல வழக்கமாக 60 நாள் தர வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டி வணிகத்தைத் தடுக்கக் கூடாது. இந்த அறிவிப்புகளை இ-பிங் என்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம், பொருளையும் நாட்டையும் குறித்துவைத்தால் மின்னஞ்சலில் வந்துவிடும். தனிப் பட்டறைக்காரர் இதை உட்கார்ந்து படிக்க முடியாது, ஆனால் கோயம்புத்தூர்ச் சிறுதொழில் சங்கமான கோடிசியா மாதிரியான அமைப்பு ஒரு ஆளை இதற்கென்றே வைக்கலாம். சரக்கு துறைமுகத்தில் நின்ற பிறகு தெரியவருவதற்கும், ஆணை வரைவாக இருக்கும்போதே எதிர்ப்பு எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இலங்கையோடு எட்கா என்ற விரிவான ஒப்பந்தத்துக்கான பேச்சு பல சுற்றுகளாக நடந்துகொண்டிருக்கிறது. அதில் கோயம்புத்தூர்ச் சங்கங்கள் வைக்க வேண்டிய கோரிக்கை பெரியதாக இருக்க வேண்டியதில்லை. பம்பு, மோட்டார், வெட் கிரைண்டர், அவற்றோடு போகும் ஒயர், பிளக் என்று ஒரு சின்னப் பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளவற்றுக்கு என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையை எஸ்எல்எஸ்ஐ ஏற்க வேண்டும், பதிலுக்கு எஸ்எல்ஏபி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையை அவர்கள் கேட்கும் பொருள்களுக்கு பிஐஎஸ் ஏற்க வேண்டும். சந்தேகம் வந்தால் கடையிலிருந்து சாம்பிள் எடுத்துச் சோதிக்கும் உரிமை இரண்டு பக்கமும் இருக்கட்டும், பிடிபட்டால் அந்த ஆலையின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கட்டும். வங்கதேசத்தோடு 21 உணவுப் பொருளுக்குச் செய்ததை ஐந்து இயந்திரப் பொருளுக்குச் செய்ய டெல்லிக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.